மலையை எங்கே கொண்டு விடுவது?

மழைக்காலத்தில் மற்ற தொழிலெல்லாம் படுத்துவிடும், ஜோசியம் மட்டும் எழுந்து உட்காரும். அதிலும் எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மழை ஏன் பெய்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்க வாழை விளையில மட்டும் ஏன் என்றுதான் கேட்பார்கள். நீங்களும் சோழி உருட்டிப் பிழைப்பவராக இருந்தால் நான் படுகிற பாடு தெரியும். இல்லாவிட்டாலும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒருநாளாவது மாட்டியிருப்பீர்கள் அல்லவா, அது போதும்.

ஜேசிபிக்கு நல்ல நேரம்

சரோஜம் அக்காவின் வீடு பெருங்கடவிளை போகிற வழியில், ரப்பர் நிற்கும் ஒரு மலைச்சரிவுக்கு அடியில் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் ஒரே மகனுக்கு இந்தக் கோடையில் கல்யாணம் நடந்தது. பெண் காஞ்சிரங்குளத்துக்காரி, பெயர் வினீதா. ஆயில்ய நட்சத்திரம் மாமியாருக்கு ஆகாது என்று அக்கா தயங்கியபோது, அவள் பிறந்த பாதத்துக்குத் தோஷமில்லை என்று சொல்லிச் சேர்த்து வைத்தவன் அடியேன். பந்தல் போட முற்றம் போதாது என்று மலையின் அடியை ஜேசிபி விட்டு வெட்டினார்களே, அதற்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவனும் அடியேன்தான். ஜேசிபிக்கு எந்தச் சாஸ்திரத்தில் நேரம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவர்கள் கேட்டார்கள், நான் கொடுத்தேன்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த முதல் வாரமே சரிவில் ஒரு துண்டு இடிந்து மாட்டுத் தொழுவத்தின் மேல் விழுந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தப்பியது. மறுநாள் காலையில் அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மருமகளின் ஆயில்யம்தான் மலையை இறக்கியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மண்டை காய்ந்தது. ஆமாம் என்றால் நான் பார்த்த பொருத்தம் பொய். இல்லை என்றால் பின்னே ஜேசிபிதான் காரணம், அந்த நேரமும் நான் குறித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வேறு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து சோழி வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அக்கா எழுந்து குடையை விரித்தாள்.

"ஆயில்யம்தாண்ணு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஆசானே, அவள அண்ணைக்கே காஞ்சிரங்குளத்துல கொண்டு விட்டிருவேன். மோன் கேட்டா ஆசான் சொன்னதுண்ணு சொல்லிக்கிடலாம்."

மூத்தவன் வாழை

வெள்ளிக்குள் எனக்கே ஒரு தெளிவு வரட்டும் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தெளிவு வரவில்லை, சுகுமாரன் வந்தான். சுகுமாரனும் அவன் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். நெய்யாற்றின் இந்தக் கரையில் இவன் வாழைத்தோட்டம், அந்தக் கரையில் அவன் தோட்டம். அணையில் ஷட்டர் திறந்த அன்று, குலை தள்ளி நின்ற இவன் வாழை மொத்தத்தையும் ஆறு கொண்டுபோனது. தம்பி தோட்டத்தில் ஓர் இலை கிழியவில்லை.

ஒரே வயிறு, ஒரே லக்னம், ஒரே ராசி, ஒரே சனி. கட்டத்தை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். இவன் கரை பள்ளம், அவன் கரை மேடு என்று ஜாதகத்தில் எங்கே எழுதியிருக்கிறது? கடைசியில், பிறந்த நேரத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்குமே என்று இழுத்தேன். பாவம் மனுஷன், கண் கலங்கிவிட்டான்.

"அஞ்சு நிமிசம் முந்திப் பெறந்தது அவ்வளவு பெரிய குத்தமா ஆசானே?"

பின்வாசல் வழியாக ஒரு விசுவாசி

பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள் என்னிடம் வரமாட்டார்கள். வந்தால் பின்வாசல் வழியாக, குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்படி வந்தவர் ஞானதாஸ் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். காற்றில் அவர் வீட்டுப் பலாமரம் சாய்ந்து கார் ஷெட்டைத் தரைமட்டமாக்கிவிட்டது. புயல், வெள்ளம், பூமியதிர்ச்சி எல்லாமே கடைசிக் காலத்தின் அடையாளம் என்று எனக்கு ஒரு முழுப் பிரசங்கமே நடத்தினார். அப்படியானால் என்னிடம் எதற்கு வந்தார்? ஒன்றும் பிடிபடவில்லை, கேட்டே விட்டேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கர்த்தர் வருவாருண்ணு எனக்குத் தெரியும் ஓய், அது ஓணத்துக்கு முன்னயா பின்னயாண்ணு மட்டும் பாத்துச் சொல்லும். ஷெட்டுக்குப் புது ஷீட்டு வாங்கணும்."

நம்ம தெங்கு

வியாழக்கிழமை சாயங்காலம் இடி விழுந்தது. எங்கே? என் வீட்டு முற்றத்துத் தென்னையில். மரத்தின் மண்டை கருகிப்போனது, டிவியும் இன்வெர்ட்டரும் கூடவே போயின. அக்கம்பக்கத்தார் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ஜோசியன் வீட்டிலேயே இடி விழுந்தால் என்ன பலன் என்று நான் படித்த எந்தக் கிரந்தத்திலும் இல்லை. உள்ளே போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். வீட்டுக்காரி குழம்புச் சட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் காரணம் சொல்லுதியளே, நம்ம தெங்குல எதுக்கு விழுந்துதுண்ணு ஒரு காரணம் சொல்லிட்டுத் தின்னுங்க."

முதல் வாக்கு

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. சரோஜம் அக்கா வீட்டில் விளக்கேற்றிச் சோழியை எடுத்தேன். எங்கள் வழக்கப்படி, சோழியைத் தேய்க்கத் தொடங்கியதும் அந்த வீட்டில் முதலில் காதில் விழும் வாக்குதான் நிமித்தம். கட்டம் ஒன்று சொல்லி, நிமித்தம் வேறு சொன்னால், நிமித்தத்தின் பக்கம்தான் ஜோசியன் நிற்க வேண்டும். அதனால் கூடியிருப்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அக்காவும் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அடுக்களை வாசலில் வினீதா நின்றாள். துணி அடைத்த பெட்டி ஏற்கெனவே அவள் காலடியில் இருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் அடுக்களைச் சுவரில் செம்மண் கலந்த தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என்ன சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. சோழியைத் தேய்த்தேன். அந்தப் பெண் எங்கள் வழக்கம் தெரியாமல் வாய் திறந்தாளா, தெரிந்துதான் திறந்தாளா, இன்றுவரை எனக்குக் குழப்பம்.

"என்னைய காஞ்சிரங்குளத்துல கொண்டு விடலாம். மலைய எங்க கொண்டு விடுவீங்க மாமி?"

ஃபோனில் வந்த பலன்

வாக்கு விழுந்துவிட்டது. அவ பேசினது கணக்கில்ல என்று அக்கா குறுக்கே விழுந்தாள். கணக்குதான் என்றேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் குழப்பமில்லாத விஷயம் அது ஒன்றுதான். நிமித்தத்தில் மலையும் உண்டு, காஞ்சிரங்குளமும் உண்டு. மலையைக் கொண்டு விட முடியாது. ஆகவே மருமகளைக் கொண்டு விட வேண்டும், கூட மாமியாரும் போக வேண்டும், பசுவும் போக வேண்டும், மழை தீரும்வரை ஒருத்தரும் இந்த வீட்டில் படுக்கக் கூடாது என்று பலன் சொன்னேன். சம்பந்தி வீட்டில் போய்க் கிடக்கவா என்று அக்கா குதித்தாள். ஆசான் சொன்னதுண்ணு மோன்கிட்ட சொல்லிக்கிடுங்க என்றேன். முனகிக்கொண்டே பெட்டி கட்டினாள். சாயங்காலம் ஒரு டெம்போவில் மாமியார், மருமகள், பசு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மலை இறங்கியது. அடுக்களையும் அதை ஒட்டி வினீதா படுக்கிற அறையும் மண்ணுக்குள் போய்விட்டன. நான் அங்கே போய் நின்றேன். ஐயோ, இரண்டு பேரும் உள்ளே கிடந்திருந்தால் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காப்பாற்றியது என் சோழியா, அவள் வாக்கா, சுவரில் கசிந்த தண்ணீரா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடியும் அந்தப் பெண்ணின் தலையில்தானே போடுவாள்? ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். அதற்குள் யாரோ சொல்லி, அவளே என்னைக் கூப்பிட்டுவிட்டாள். பின்னால் வினீதா, கஞ்சி ஆறுது வாங்க மாமி என்று கூப்பிடுவது கேட்டது.

"பாத்தேளா ஆசானே, எனக்க மருமக வீட்ட விட்டு இறங்கினதுதான் தாமசம், மலை வந்துட்டு! இத்தற நாளும் அவளுக்க ஆயில்யமாக்கும் அதப் பிடிச்சு நிறுத்தியிருந்தது."

விஷயம் ஊருக்குள் பரவி, மலைச்சரிவில் வீடு உள்ளவர்களெல்லாம் இப்போது ஆயில்யத்தில் ஒரு பெண் வேண்டும் என்று மகன்களின் ஜாதகத்தோடு என் வாசலில் நிற்கிறார்கள், பந்தலுக்கு முற்றம் வெட்ட ஜேசிபிக்கும் ஒரு நேரம் வேண்டுமாம்.