தாராபுரத்துக்குத் திரும்பிப் போன ஹார்ட் டிஸ்க்

போன கிழமை இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். புதியவை என்று சொல்லித்தான் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் பூட்டிப் பார்த்தால்... ஒன்றுக்குள்ளே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

வீட்டிலுள்ள படம், பாட்டு, ஃபோட்டோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவைத்து, டீவியிலும் ஃபோனிலும் நினைத்த நேரம் பார்க்க வேண்டும் என்பது என் மூன்று மாத ஆசை. மீடியா சேர்வர் என்பார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைவசம் இருந்தது. குறை ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

மட்டும்தான்! அதற்காகப் படித்த படிப்பை ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனைக்குப் படித்திருந்தால் இன்றைக்குக் கந்தோரில் மேலதிகாரியின் கதிரையில் இருந்திருப்பேன். எந்த டிஸ்க் இரவுபகலாக ஓடினாலும் களைக்காது? எது சூடாகும்? எது சத்தம் போடும்? கரண்ட் திடீரென்று நின்றால் எது தாங்கும்? மன்னார் உப்புக்காற்றுக்கு எது ஈடுகொடுக்கும்? கடைசிக் கேள்விக்கு மட்டும் யூடியூப்பில் எந்த வெள்ளைக்காரனும் பதில் சொல்லவில்லை.

மனைவி ரெஜினா பள்ளிக்கூட ஆசிரியை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் கேட்டாள்:

"என்னைக் கலியாணம் கட்டேக்க இவ்வளவு விசாரிச்சனீங்களோ?"

"இல்லை..."

"அதுதான் பாத்தன்."

புகழா, இகழா? இன்னும் விளங்கவில்லை.

கடைசியில் முடிவெடுத்தேன். இரண்டு டிஸ்க். ஒன்றில் போடுவதெல்லாம் மற்றதிலும் தானாகப் பதிவாகிவிடும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இதற்கு ரெய்ட் என்று பெயர். டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அந்தத் தெருவால்தான் போக வேண்டும்.

"அண்ணை, ரெண்டும் சீல் உடைக்காத சாமான்" என்றார் கடைக்காரர்.

பொய்யில்லை. சீல் உடைந்திருக்கவில்லைதான். புதிதாக ஒட்டியிருந்தார்கள்.

முதலாவது டிஸ்க் சுத்தம். இரண்டாவதைத் திறந்தால் வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாப்பிள்ளை பெயர், ஒரு பெண் பெயர், திகதி. ஏதோ ஒரு வீடியோ ஸ்டூடியோவின் பழைய டிஸ்க்!

அடுத்தவர் வீட்டு விஷயம். பார்க்கக் கூடாது. தெரியும். ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு ஆதாரம் வேண்டாமா? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒன்றைத் திறந்தேன். பந்தலுக்குள் சகன் என்கிற பெரிய பொதுத் தட்டுகளைச் சுற்றி வட்டமாக இருந்து ஆட்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேத்தண்ணியோடு வந்த ரெஜினா அப்படியே நின்றுவிட்டாள்.

"உது பரீதா டீச்சரின்ர தம்பி எல்லோ! ஐயோ... இது டீச்சரின்ர கலியாணம்."

பரீதா டீச்சருக்கு ஊர், மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரம். ரெஜினாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அவருடைய கல்யாண வீடியோவுக்கு ஒரு கதை இருந்தது. 'எடிட் பண்ணித் தாறன், எடிட் பண்ணித் தாறன்' என்று இழுத்தடித்த ஸ்டூடியோக்காரர், பிறகு கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்றார். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். அதன்பிறகு டீச்சரின் உம்மா காலமாகிவிட்டார். கமராவைக் கண்டால் ஒளிந்துகொள்கிற மனுசி. அவருடைய குரல் பதிந்தது என்று வீட்டில் ஒன்றுமே இல்லை.

"வெளிக்கிடுங்கோ, டீச்சர் வீட்டை போவம்" என்றாள் ரெஜினா.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. டிஸ்க்கைக் கொடுத்துவிட்டால் கடையில் மாற்ற முடியாது. "ஒரு பென் டிரைவில கொப்பி எடுத்துக் குடுப்பமே?"

"மற்றச் சனத்தின்ர கலியாணங்களும் கிடக்கு. டீச்சருக்கு ஆக்களைத் தெரியும், தேடிக் குடுப்பா. டிஸ்க்கையே குடுங்கோ."

மூன்று மாத ஆராய்ச்சி ஒரு நிமிடத்தில் முடிந்தது.

தாராபுரத்தில் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் பரீதா டீச்சர் டிஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு கேட்டார்: "சேர்... நீங்க பாத்தீங்களா?"

"இல்லை... சாப்பாடு மட்டும்."

நான் கொண்டுபோன கேபிளால் டிஸ்க்கைப் பூட்டி லெப்டொப்பில் போட்டார். தான் மணப்பெண்ணாக இருந்த காட்சிகளையெல்லாம் வேகமாக ஓட்டினார். உம்மாவைத்தான் தேடினார். கமரா போன இடமெல்லாம் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் கதவுக்குப் பின்னால் மறைந்தது. இன்னொரு கதவு... அதே தலைப்பு. எனக்கே பதற்றமாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ?

அடுப்படிக் காட்சி வந்தது. கையில் அகப்பையோடு அந்த மனுசி நேராகக் கமராக்காரர் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் தம்பி எடுக்கிறீங்க? நான் என்ன கலியாணப் பொண்ணா? அங்கால போய்ச் சாப்பாட்ட எடுங்க!"

அவ்வளவுதான். பத்து விநாடி.

டீச்சர் திரும்பப் போட்டார். மூன்றாவது தரம் சிரிப்பு வந்தது. நாலாவது தரம் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "உம்மா இப்பிடித்தான் சேர். பாசமெண்டாலும் ஏச்சுத்தான்."

ரெஜினா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ, இப்படியான நேரங்களில் என்ன செய்வதென்று தெரியாது. ஆகவே தெரிந்ததைச் செய்தேன்.

"டீச்சர், இந்த டிஸ்க் பழசு. இதை நம்பி இருக்கப்படாது. ரெண்டு டிஸ்க் எடுத்து, ரெய்ட் எண்டு ஒரு முறை இருக்கு..."

தலையை ஆட்டியபடியே டீச்சர் திரைக்கு முன்னால் தன் ஃபோனைப் பிடித்து அந்தப் பத்து விநாடியை எடுத்தார். கட்டாரிலுள்ள தம்பிக்கு அனுப்பினார். புத்தளத்திலுள்ள தாத்தாவுக்கு — மூத்த சகோதரிக்கு — அனுப்பினார். உடனே ஃபோன் அடித்தது. புத்தளத்திலிருந்து ஒரு பெண்ணின் அழுகை: "இன்னொருக்காப் போடு பரீதா... சத்தத்தக் கூட்டிப் போடு!"

நான் ரெய்ட் விளக்கத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குள் உம்மா மூன்று ஊர்களில் ஏசிக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய பேக்கப் எந்தக் கடையில் விற்கிறார்கள்?

திரும்பி வரும்போது தெருவில் நின்ற கழுதைகளுக்காக மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினேன். பின்னாலிருந்து ரெஜினா கேட்டாள்:

"உங்கட சேர்வரில போடுறதுக்கு எவ்வளவு படம் சேத்து வச்சிருக்கிறீங்கள்?"

"ஒரு எழுநூறு இருக்கும்" என்றேன், பெருமையாக.

"எங்கட கலியாண வீடியோ?"

அது... ஒரு சீடியில் இருந்தது. அலுமாரியில்? அல்லது வீடு மாறும்போது...? அல்லது யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்...?

காற்று பலமாக அடித்தது. காதை மூடிய ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கேட்காதவன் போல ஓட்டினேன்.

ஹெல்மெட் போட்டால் உயிருக்குப் பாதுகாப்பு என்று சும்மாவா சொல்கிறார்கள்?