முட்டிய கோடு

லவங்கப்பட்டை வாசனை இன்றைக்கும் என்னை எண்பதுகளின் நியூ ஜெர்சிக்கு, இப்போது பார்க்கிங் லாட்டாகிவிட்ட ஹில்டா ஆன்ட்டியின் ரொட்டிக் கடைக்கு இழுத்துப் போய்விடும். அடுப்புச் சூட்டில் பழுப்பேறிய பழைய படங்கள் சுவர் முழுக்கத் தொங்கும்; எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்த அவர் குடும்பத்தார். அதில் ஒன்றில் கையில் கிண்ணத்துடன் நிற்கும் தன் அத்தை இந்தியாவில் வாழ்ந்தவர் என்று ஆன்ட்டி சொன்னால், ஆன்ட்டியின் அண்ணன்மார் நம்பாமல் சிரிப்பார்கள்.

ஒருநாள் நானும் அம்மாவும் கடையில் இருந்தபோது, ஆன்ட்டி துடைப்பதற்காக அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினார். சட்டம் மறைத்திருந்த அடிப்பகுதியில், அத்தையின் காலடியில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கறை என்றார் ஆன்ட்டி.

ஆங்கிலம் பேசக் கூசி, ரொட்டியை விரலால் காட்டியே வாங்கும் அம்மா கத்தினாள்: "நோ, ஹில்டா! கோலம்! எங்க ஊர்க் கோலம்!" பிறகு என்னிடம், "பாருடி, கோடு இங்க வளையாம புள்ளியில முட்டிக்கிட்டு நிக்குது. நம்மாளுங்க போட்டா முட்டுமா? இந்தம்மாவே போட்டிருக்காங்க, கோலமாவுக் கிண்ணம்கூட கையிலேயே இருக்கு. சொல்லு அவங்ககிட்ட!"

சொன்னேன். அண்ணன்மார் அதன்பின் சிரிக்கவில்லை.

மறுநாள் கடை வாசலில் ஆன்ட்டி மைதாவால் கோலம் போட்டிருந்தார். அத்தை விட்ட அதே இடத்தில் கோடு முட்டியது. அம்மா அதை மிதிக்காமல் சுற்றிப் போய், முதல்முறையாக விரலால் காட்டாமல் வாய்திறந்து, கடையே திரும்பிப் பார்க்கும்படி ரொட்டி கேட்டாள்.