பச்சை பெயிண்டில் ஒரு நெல்வயல்

கார்த்திகை பிறந்து வாடைக் காற்று ஏரியைக் கலக்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். விளக்கு வைத்ததும் நைனா கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் சாக்கைத் திணித்துவிடுவார். அம்மா மிளகு தூக்கலாக நண்டு ரசம் வைப்பாள். மூன்று பேரும் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுவோம். காற்று பலமாக இருந்தால் நைனா தொழிலுக்குப் போகமாட்டார், நாள் முழுக்க வீட்டில் இருப்பார் என்பதாலேயே எனக்கு அந்த மாதங்கள் பிடிக்கும்.

அம்மாவுக்குப் பிடிக்காது. அவள் ஏரிக்கு மேற்கே, நெல் விளையும் ஊரில் பிறந்தவள். மீன்பிடிக்கிற வீட்டில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவள் அப்பா பேச்சையே நிறுத்தியிருந்தார். தை நெருங்கும்போது, அங்கே கதிர் முற்றுகிற நாட்களில், அவளுடைய பேச்சு குறைந்துவிடும். கேட்டால் தலைவலி என்பாள்.

நான் ஏழாவது படித்த வருடம் மழை அதிகம். உள்சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உரிந்துவிட்டது. மார்கழியில் சுவர் காய்ந்ததும் நைனா அதைச் சுரண்டிவிட்டு, படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டை எடுத்துவந்தார். சுவர் முழுக்க அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கீழிருந்து மேலாகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனார்.

“இன்னாது இது, கோரையா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா.

“நெல்லு.”

“நெல்லு இப்டி வெறச்சிக்கினா நிக்கும்? கதிரு வந்தா சாஞ்சிடும்.”

“எனக்கு இன்னா தெரியும். நீயே போடு” என்று பிரஷை நீட்டினார் நைனா.

சோறு வடிக்க வேண்டும் என்று அவள் திரும்பிக்கொண்டாள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சுவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். முதல் கதிரை வளைத்துப் போட்டாள். நைனா பல்பைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினார்.

அதற்குப்பின் தினமும் சாயங்காலம் அதுதான் எங்கள் வேலை. கதிருக்கு மஞ்சள் வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டுப் படகுக்கு அடித்து மிஞ்சியதை நான் போய்க் கேட்டு வாங்கிவந்தேன். வரைந்துகொண்டே அம்மா பேசினாள். வைக்கோல் போரில் ஏறித் தம்பியோடு சறுக்கியது, மடையில் கால் வைத்துக்கொண்டு பாடம் படித்தது. அவ்வளவு பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கும் ஒரு மூலையை ஒதுக்கினாள். நான் எங்கள் ஏரிக்கு வரும் பூநாரையை வரைந்தேன்.

“வயல்ல ஏதுடி பூநார? கொக்கு போடு.”

“இருக்கட்டும்” என்றார் நைனா. “நம்ம பக்கத்துலேர்ந்து ஒண்ணு போயிருக்குதுன்னு வச்சிக்கோ.”

அம்மா சிரித்துவிட்டாள்.

பொங்கலுக்கு அவள் தம்பி வந்தார். அந்த வீட்டிலிருந்து எங்களிடம் வந்துபோகிறவர் அவர் ஒருவர்தான். புது அரிசிப் பையைக் கீழே வைக்காமலேயே சுவரைப் பார்த்து நின்றார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அம்மாவுக்குப் போன் வந்தது. அவள் அப்பா. நலம் விசாரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“களத்து வேம்ப உட்டுட்டியேம்மா” என்றார்.

“எடம் இல்லப்பா” என்றாள் அம்மா, சுவரைத் திரும்பிப் பார்த்தபடி.

நைனா அன்றைக்கே அலமாரியை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார். அம்மா வேப்பமரத்தை வரைந்தாள். அடுத்த குளிர்காலத்தில் தாத்தாவே வந்து அதைப் பார்த்தார். இரண்டு நாள் தங்கினார். நைனாவோடு அதிகம் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது, “அறுப்புக்கு மூணு பேரும் வாங்க” என்று அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிறகு வீட்டைத் தளம் போட்டுக் கட்டியபோதும் அந்தச் சுவரை மட்டும் இடிக்கவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது எதையாவது சேர்க்கிறோம். போன வருடம் நான் சென்னையிலிருந்து வந்தபோது அம்மா ஒரு மாட்டை வரைந்துகொண்டிருந்தாள். பின்னங்கால் சரியாக வரவில்லை என்று பிரஷை என்னிடம் கொடுத்தாள். எனக்கும் வரவில்லை.