மர்பி டவுன் வீட்டின் இரண்டு வாசல்கள்

சமாளிக்கலாம். கன்னடம் ஒரு சொல் தெரியாமல் வந்தாலும் பெங்களூரில் முதல் மாதத்தைத் தமிழிலேயே கடத்திவிடலாம். நான் கடத்தினேன். நம் பக்கத்திலிருந்து இங்கே முதுகலை படிக்க வர நினைப்பவர்கள் எனக்கு எழுதிக் கேட்பதெல்லாம் மொழியைப் பற்றித்தான். வீட்டைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. என் படிப்பு முடிந்துவிட்டது. பெட்டிகள் கட்டியாயிற்று. ஜன்னலுக்கு வெளியே இரண்டு வருடங்களுக்கு முன் பார்த்த அதே ஆகஸ்ட் சாரல்.

நான் முல்லைத்தீவுக்காரி. கொழும்பிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ஊரிலிருந்து கொழும்புக்கு வர எடுத்த நேரத்தில் கால்வாசிகூட இல்லை. விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். குளிரூட்டப்பட்ட பஸ் இருக்கிறது, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டாக்சி மூன்று நான்கு மடங்கு. ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். ஆகஸ்டில் இங்கே குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் பத்து நாள் இடம். அதற்குள் வீடு பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் வந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு முகவரி வேண்டும். வீட்டுக்காரரும் தன் வீட்டில் வெளிநாட்டவர் தங்குவதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாவதில்தான் எல்லாம் சிக்கும்.

மல்லேஸ்வரத்தில் இரண்டு வீடுகள் பார்த்தேன். முதல் வீட்டில் அருமையான காப்பி, அரை மணி நேரம் தமிழ்ப் பேச்சு. பாஸ்போர்ட்டைக் கண்டதும் போலீஸ் சமாசாரம் தங்களால் ஆகாது என்றார்கள். இரண்டாவது வீட்டில் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார்கள். பிறகு சாதி. நேராக அல்ல, சுற்றி வளைத்து. நானும் சுற்றி வளைத்தே வெளியே வந்தேன். ஆனாலும் அந்தத் தெருக்களின் மரநிழலை இப்போது நினைத்தால் கோபம் வருவதில்லை.

எட்டாம் நாள், வகுப்புத் தோழி ஒருத்தி மர்பி டவுனில் ஒரு மாடி அறை இருப்பதாகச் சொன்னாள். அல்சூர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. ஓட்டுநர் நான் கதைப்பதைக் கேட்டுவிட்டு, கேரளாவா என்றார். இலங்கை என்றேன்.

“அப்படியா. அங்கேருந்து வந்து அதுக்குள்ள தமிழ் கத்துக்கிட்டீங்களே மேடம். பர்வால்ல, சுமாரா வருது.”

சிரித்துக்கொண்டே இறங்கினேன். அந்தச் சிரிப்பு வாசல்வரைதான் இருந்தது.

வீட்டுக்காரி கலா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ஐ.டி. கம்பெனியில் துப்புரவுப் பிரிவு மேற்பார்வையாளர். முன்னறைச் சுவரில் நீலக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு படம், அதன் கீழே வெள்ளைப் புத்தர், இரண்டு சின்ன விளக்குகள். மாடிக்குப் படி அந்த அறையிலிருந்துதான் ஏறியது.

என் கால் நின்றுவிட்டது. எங்கள் பள்ளிக்கூடப் பாதையில் ஒரு இராணுவக் காவலரண் இருந்தது. அதை ஒட்டி ஒரு அரசமரம், அடியில் வெள்ளைப் புத்தர். அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, கதையை நிறுத்தி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறு வருடம் அப்படிப் போனேன். தமிழ் பேசும் ஒரு வீட்டுக்குள் அவர் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

கலா அக்காவோ புத்தர் வாழும் நாட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்று பூரித்துப்போனார். பாஸ்போர்ட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் நந்தினி இணையத்தில் போட்டுவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்றார். வாடகை ஏழாயிரம். வேறு வீடு தேட நாளில்லை. சரி என்றேன்.

மேலே வந்து பார்த்தால், எனக்கென்று ஆசையாக அறையிலும் ஒரு புத்தர் படம் மாட்டியிருந்தார். அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

சனிக்கிழமை மாலை மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். மறுநாள் பௌர்ணமி. தெருவில் பத்துப் பேர் வருவார்கள். உங்கள் ஊரில் சொல்கிற வணக்கத்தை நீ முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். தலையாட்டியிருந்தால் திங்கட்கிழமை பதிவு முடிந்திருக்கும். எனக்கு அந்த வணக்கத்தில் ஒரு வரி தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் வந்திருக்காது.

“அக்கா, நாங்கள் முருகன் கோயிலுக்குப் போற ஆக்கள். எங்கட ஊரில இவரை ஆமிக் காம்புக்குப் பக்கத்திலதான் கண்டிருக்கிறன். கண்டா சைக்கிளால இறங்கோணும்.”

குழாயை மூடினார்.

“அதான் ஹால்ல வந்தா மட்டும் பூனை மாதிரி நடக்குறியா?”

“ஓம் அக்கா.”

“எங்க தாத்தாவ கோயில் உள்ள விடல. இவருதான் எங்க வீட்டுக்குள்ள வந்தாரு. உங்க ஊர்ல துப்பாக்கிகாரன் கூட நின்னாருன்னா அதுக்கு நான் இன்னா பண்ண? இவர எடுக்க மாட்டேன்.”

நான் வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு? பின்னாடி சந்துல இரும்பு படி இருக்கு, அதுல ஏறிக்கோ. மேல இருக்குற படத்த நந்தினி எடுத்துக்குவா. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா, இப்பவே போட்டுடட்டும். இது வேற, அது வேற.”

மீனுக்குத் திரும்பினார். அன்றிரவே நந்தினி இணையத்தில் போட்டுவிட்டாள். பின்சாவி கிடைத்தது. மறுநாள் தெருக்காரர்களிடம் அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் இரும்புப் படிதான். மழையில் வழுக்கும், கீழே யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார்கள். மேலே ஏறினால் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள், பக்கத்து மாடியில் துணி, எங்கோ பேக்கரி வாசனை. படித்தவற்றை மறந்துகொண்டு வருகிறேன். அந்த வாசனை மறக்காது.

நவம்பரில் ஒரு மாலை பெருமழை. சந்தில் முழங்கால் தண்ணீர். அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தபடி வேறு வழியில்லாமல் முன்வாசலுக்கு வந்தேன். அன்றும் பௌர்ணமி. அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்து, புத்தரிடம் அடைக்கலம் போவதாக ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஆர் பிள்ளை அது?” என்றார் அம்மா.

“வீட்டுக்காரர். பிக்குமார் பிரித் ஓதுற மாதிரி, அம்மா.”

“தமிழிலயோ சொல்லுகினம்?”

“ஓம்.”

பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைக்கப் போனேன்.

“வைக்காத. முடியட்டும்.”

கலா அக்கா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து நகரவைத்தார். நான் உட்காரவில்லை. ஈரச் செருப்போடு கதவருகே நின்று, முடியும்வரை தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தேன்.

நான் கும்பிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்றுவரை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு முன்னறை வழியாகக் கதைத்துக்கொண்டேதான் போனேன். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு போனால் சீரியல் கேட்கும் என்று கலா அக்கா திட்டும் அளவுக்கு.

வருகிறவர்களுக்கு: பாஸ்போர்ட் என்னவென்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், காப்பிச் செலவு மிச்சம். பதிவு விதிகள் மாறும், பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மெட்ரோ அட்டை வாங்குங்கள். மனம் சரியில்லாத மாலைகளில் அல்சூர் ஏரிவரை நடக்கலாம். சரியான மாலைகளிலும்.

இந்த அறை மாதக் கடைசியில் காலியாகிறது. வருகிற பிள்ளை முன்வாசலா பின்வாசலா என்று முதலிலேயே கேட்டுச் சொல்லச் சொன்னார் கலா அக்கா.

இன்று காலை பின்சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். பிறகு பெட்டிகளை இறக்கப் போனேன்.