சாம்பலில் கிடைக்காத எலும்பு

சிறுவயதில் என் இடது கால் எலும்பில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, அப்பாவின் காலிலிருந்து மெல்லிய எலும்பொன்றை எடுத்து வைத்தார்கள். போகப்போக அது என்னுடையதாகவே மாறிவிடும் என்றார் டாக்டர். நானும் மறந்தேபோனேன்.

போன மாதம் அப்பா தவறினார். மறுநாள் காலை சத்தியமங்கலம் சுடுகாட்டில் பால் தெளித்துச் சாம்பலை ஆற்றினோம். பாதத்தில் தொடங்கித் தலை வரை எலும்புகளைப் பொறுக்கி, ஆள் படுத்திருப்பதுபோல வாழையிலையில் அடுக்குவது எங்கள் வழக்கம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, ஒரு கால்ல எலும்பு கொறையுது பாரு. நல்லாத் தேடு. ஒண்ணை விட்டுப்போட்டாலும் உங்கொப்பன் போகமாட்டான், இங்கயேதான் நிப்பான்."

நான் குனிந்து என் இடது காலைத் தொட்டேன்.

"அது எங்கிட்ட இருக்குதுங்க பெரியப்பா."

அவர் என் காலையே பார்த்தார். பிறகு சொம்பில் மிச்சமிருந்த பாலை என் முழங்காலுக்குக் கீழே தெளித்தார்.

கலயத்தோடு பவானியில் இறங்கினேன். சில்லென்ற தண்ணீரில் அந்த ஒரு கால் மட்டும் சுட்டது.

அப்பாவின் மிச்சத்தை ஒருநாள் என் மகன்தான் கரைக்க வேண்டும்.