மாமா பாட்டாகவே கதைத்த நாள்

உம்மாவின் தம்பி சவூதிக்குப் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த எல்லோரும் எங்கள் கல்முனை வீட்டு முன்னறையில் கூடிப் படம் பார்த்தோம். தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய காலத்துப் படம். வாடகைக் கசட்டில் பாதி நேரம் மழை பெய்வதுபோல் கோடு ஓடியது. பேசும் படம் என்றுதான் பேர். அதில் யாரும் பேசக் காணோம். தண்ணீர் கேட்பதற்கும் பாட்டு, திருடனைத் துரத்துவதற்கும் பாட்டு. துரத்துகிறவன் பாடி முடிக்கும்வரை திருடனும் மரியாதையாக நின்று கேட்டான். வாப்பா சிரித்துப் புரைக்கேறி, தேநீரை உடுத்திருந்த சாரத்தில் ஊற்றிக்கொண்டார்.

அதன் பிறகு மாமா பேசுவதையே விட்டுவிட்டார். சோறு கேட்டுப் பாடினார். ஆணத்துக்கு உப்புக் குறைவு என்பதை நீட்டி முழக்கினார். நானும் பின்னால் பாடிக்கொண்டே திரிந்தேன்.

அவருடைய பயணம் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சிக்காக. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம். உம்மாவின் வாப்பா, எங்கள் மூத்தவாப்பா, காலமானதால் அந்த வீடு மாமாவின் தலையில் விழுந்தது. அவருக்கோ இறக்காமத்து வயலும் வேளாண்மையும் போதும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா அவருடைய பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா அறை வாசலில் முழங்காலிட்டு, படத்து நாயகனைப்போல் நெஞ்சில் கைவைத்து ராகம் இழுத்தார்.

"நான் போகல்ல ராத்தா... என்னை அனுப்பாதீங்க ராத்தா..."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும்டா, வகிறு நோகுது," என்றார் உம்மா.

"இன்னொருக்காப் பாடுங்க மாமா!" என்று நான் கத்தினேன்.

பாடினார். இந்தத் தரம் நடுவில் குரல் உடைந்தது. அதையும் நடிப்பென்று எண்ணிக் கைதட்டினோம். வாப்பா மட்டும் சிரிப்பை நிறுத்தினார்.

"மெய்யாத்தானா மச்சான்?"

மாமா எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டார்.

"சும்மா மச்சான்."

அதை அவர் பாடவில்லை.

வீடு எழும்பியது, சாச்சியின் கல்யாணமும் நடந்தது. மாமா ஊரோடு வந்து சேர்ந்தபோது தாடி நரைத்திருந்தது. அவருக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டுமென்பது யாருக்கும் நேரத்தோடு நினைவு வரவில்லை. வயலும் கைமாறிப் போயிருந்தது. உம்மா கண்மூடி மவுத்தாவதற்குக் கொஞ்சம் முன்னர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவன் அண்டைக்குப் பாட்டுல மெய்யாத்தான் கேட்டிருக்கான் மகள்."

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் அழுதேன்தான். மாமா பாட்டை நிறுத்திவிட்டாரே என்று.