வாளித் தண்ணீரில் கேமரா

ஆறாம் வகுப்பில் எனக்குப் புதையல் பைத்தியம் பிடித்திருந்தது. பெரியம்மாவின் மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், சனிக்கிழமைதோறும் நாலைந்து பிள்ளைகளைத் திண்டிவனத்திலிருந்து வானூர்ப் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்குக் கூட்டிப்போவார். மழை அரித்த கரைகளில் கல்லாகிப்போன மரத்துண்டுகள் தலைகாட்டும். எடுத்துவரக் கூடாது, படம் மட்டும் பிடிக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். முதலில் படம் பிடித்தவருக்கே புதையல் சொந்தம்.

அப்படிப் பிடிக்கப் போய்த்தான் அப்பாவின் போனை ஓடையில் போட்டேன். அப்பா அடிக்கவில்லை. "இன்னொரு பொருளப் பாழாக்கிக்கினு வந்தா, அதோட நீ எங்கயும் போவ வேணாம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாரமே அம்மா என்னைக் கேமரா வாங்கக் கூட்டிப்போனாள். தூரத்துக் காக்கையையும் கிட்டே இழுத்துக் காட்டும் மெல்லிய வெள்ளிநிறக் கேமரா ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் கண்ணோ, தண்ணீர் புகாது என்று கடைக்காரர் காட்டிய இன்னொன்றில் நின்றது. ஆரஞ்சு நிறத்தில், தடியாக, சோப்புப்பெட்டி மாதிரி இருந்தது அது.

குடம் வாங்கினால்கூடக் கடையிலேயே தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்கிறவள் அம்மா. கேமராவையும் விரலால் சுண்டிப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று.

"ஏங்க, ஒரு பக்கெட் தண்ணி கெடைக்குங்களா?"

கடைக்காரர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். ஓடைக்குள் விழப்போவது பெட்டியில்லையே என்றாள் அம்மா. அவர் பக்கத்து டீக்கடையிலிருந்து வாளியை வாங்கிவந்து, கேமராவின் பேட்டரி மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அம்மா அதை முதலில் இடுப்புயரத்திலிருந்து தரையில் நழுவவிட்டாள். அவர் பதறி முடிப்பதற்குள் எடுத்து வாளியில் அமிழ்த்தி, உள்ளேயே பட்டனை அமுக்கினாள். வெளியே எடுத்துப் பார்த்தால், உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கும் அம்மாவின் முகம் அலையலையாக விழுந்திருந்தது. கடைக்காரரும் நானும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

"இதயே குடுங்க."

வெள்ளிநிறக் கேமராவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நான் அவள் பின்னால் நடந்தேன்.

அந்தச் சோப்புப்பெட்டி ஓடையில் விழுந்தது, பாறையில் மோதியது, மழையில் ஊறியது. பள்ளிப் படிப்பு முடியும்வரை என்னோடு வந்தது. சனிக்கிழமை மாலைகளில் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். கேமராவின் அழகை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று கற்களை ஆராய்வதே என் வேலை. வாளிக்குள் எடுத்த அந்தப் படம் என் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பா வாராவாரம் தேடியது ஒரு விரிசலை; அது கிடைத்திருந்தால் என் ஓடைப் பயணம் அன்றோடு நின்றிருக்கும். அந்த விரிசல் விழாத கேமராவைத்தான் அம்மா அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினாள் என்பது, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியாது.